நவமணியின் வலது கண்

புக்கிட் பெலிம்பிங்கில் நவமணி என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். கேமராக்கார அக்கா என்று சொன்னால் உடனே வீட்டைக் கைகாட்டுவார்கள். மாலை வேளைகளில் கழுத்தில் ஒரு கறுப்புக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் தனியாக நடக்கும் ஐம்பத்தேழு வயதுப் பெண்ணை அந்தச் சின்ன ஊர் எப்படிக் கவனிக்காமல் இருக்கும்?

பகலில் அவருக்கு வேறு முகம். செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை. குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையை அங்கே டிம்பாங் என்பார்கள். அதையொட்டிய சின்ன அறையில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், இருபது வருடத்துக்கு மேலாக நவமணி உட்கார்ந்திருக்கிறார். லோரி நிறைந்து வரும், எடை போடுவார். காலியாகித் திரும்பும், மறுபடி எடை போடுவார். ஓட்டுநர்கள் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சில நாள் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயின. அப்பா போனார், அம்மா போனார். தங்கை துளசியைக் கட்டிக்கொடுத்தார். துளசி ஜொகூர் பாருவில் குடியேறிவிட்டாள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தபோது கிடைத்த மலிவுவிலை வீட்டில் நவமணி மட்டும் மிஞ்சினார். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

கேமராவை முதலில் அவர் கையில் கொடுத்தவர் ஆலையின் துணைப் பொறியாளர் சுகுமாறன். ஈப்போக்காரர், இளவயது, மாற்றலாகி சபா மாநிலத்துக்குப் போகவிருந்தார். ஒருநாள் மதியம் லோரி எதுவும் வராத நேரத்தில் டிம்பாங் அறைக்கு வந்து உட்கார்ந்தார். தோளில் கேமரா இருந்தது.

"இதுல பாருங்க அக்கா. நடுவுல ஒரு சின்ன வெளிச்சக் கட்டம் தெரியுதா?"

நவமணி வலது கண்ணைக் கேமராவின் சின்ன ஜன்னலில் வைத்தார். வெளியே காவலாளியின் தொப்பி. கட்டத்துக்குள் மட்டும் அந்தத் தொப்பி இரண்டாகத் தெரிந்தது.

"ரெண்டா இருக்கே சார்."

"லென்ஸ்ல இருக்கிற வளையத்த மெதுவா திருப்புங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காரும். அங்கதான் ஃபோக்கஸ். கேமரா தானா ஒண்ணும் செய்யாது. நம்மதான் செய்யணும்."

திருப்பினார். இரண்டு தொப்பியும் நெருங்கி வந்து ஒன்றாயின. "ஆயிருச்சு சார்," என்றார், ஏதோ பரீட்சையில் தேறியவர் போல.

அவரை அதிகம் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்த ஜன்னலில் படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகளுக்கு வெளியேயும் உலகம் தெரிந்தது. ஓர் ஆள் படத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவர் நடந்து வருவதைப் பார்க்கலாம். காத்திருக்கலாம். காத்திருப்பது நவமணிக்குப் பழக்கமான வேலை.

ஐம்பது வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம் என்று வந்தபோது, கோலாலம்பூர் போய், பழைய கேமராக்கள் விற்கும் கடையில் அதே மாதிரி ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவையும் ஒரு லென்ஸையும் வாங்கினார். வெளிச்சத்தை வாரி உள்ளே இழுக்கும் லென்ஸ் அது. முழுக்கத் திறந்து வைத்தால் கோயில் விளக்கு வெளிச்சத்திலேயே முகத்தைப் பிடித்துவிடும். கூர்மையாக விழுவது மட்டும் ஒரு விரல் கனத்துக்குத்தான். இமை முடி துல்லியமாக இருந்தால் காது பஞ்சாகக் கலைந்திருக்கும்.

துளசி தொலைபேசியில் சத்தம் போட்டாள். "அக்கா, பைத்தியமா உங்களுக்கு? அந்தக் காசுக்கு நல்ல காடியே வாங்கியிருக்கலாம்லா. ஃபோன்லயே படம் எடுக்கலாமே, எதுக்கு இது?"

"சும்மாதான்," என்றார் நவமணி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பழைய காஞ்சில் காடியை, அந்தக் குட்டிக் காரை, எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போவார். சில வாரம் மீன்பிடி ஊரான பாகான் நக்கோடா ஓமார் வரை போய், சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளுக்கிடையே நிற்பார். எடுத்த படங்களை யாருக்கும் அனுப்புவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணினியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். கண் கூர்மையாக விழுந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம். முகம் தெரியாத ஒரு மீனவரின் கண் தன் வீட்டுக்குள் தன்னைப் பார்ப்பது, வீட்டில் ஆள் இருப்பது மாதிரி இருந்தது.

முரியலைச் சந்தித்ததும் கேமராவால்தான். முரியல் அறுபதைத் தாண்டிய தோட்டத்துக் கிறிஸ்துவப் பெண்மணி. பெரிய ரோட்டோரம் மழைமரத்தடியில் மாலையில் அப்பம் சுடுவார். ஒருநாள் பொழுது சாயும் வெளிச்சத்தில் சட்டி மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து அவர் முகத்தைச் சுற்றியது. நவமணி தள்ளி நின்று எடுத்துவிட்டார். அந்தக் கேமராவின் சத்தம் மிகவும் சின்னது. முரியலுக்கு அது கேட்டுவிட்டது.

"என்ன ஃபோட்டோ? கேட்டீங்களா என்னைய?"

நவமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிருங்க. அழிச்சிடறேன்."

"ஃபேஸ்புக்ல போடவா?"

"இல்ல, இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

"அதுக்குத்தான் கண்ணு இருக்கே," என்றார் முரியல். கரண்டியால் மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றினார். "சரி, அப்பம் வேணுமா, வேணாமா?"

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் நவமணி அங்கே அப்பம் வாங்குவார். கேட்டுவிட்டுப் படம் எடுப்பார். முரியல் தலையசைப்பார், கேமரா பக்கம் திரும்பவே மாட்டார். பேச்சு பெரும்பாலும் தேங்காய்ப்பால் போட்டதா போடாததா என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் படங்கள் கெட ஆரம்பித்தன. கண்ணில் குறி வைத்தால் காதுமடல் துல்லியமாக விழுந்தது, கண் கலங்கிப்போனது. முதலில் கை நடுக்கம் என்று நினைத்தார். பிறகு அந்த வெளிச்சக் கட்டமே அவரை ஏமாற்றியது. இரண்டு உருவமும் ஒன்றாகி வரும்போது பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு திருப்பினாலும் போகவில்லை. காடிக் கதவில் ஒருமுறை கேமரா இடித்தது நினைவுக்கு வந்தது. உள்ளே ஏதோ நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

ஒரு சனிக்கிழமை விடுப்பெடுத்து, கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார். கடையின் பின்னறையில் பழுதுபார்க்கும் வயதான சீனர், கேமராவை முக்காலியில் பொருத்தி, சுவரில் ஒட்டியிருந்த கோடு போட்ட தாளைப் பல தூரங்களில் வைத்துப் படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எல்லாம் கத்தி வைத்துக் கீறியது போல் இருந்தன.

"கேமரா நல்லாயிருக்கு," என்றார் மலாயில்.

"இல்ல, எனக்கு மூணா தெரியுது," என்றார் நவமணி.

அவர் கேமராவை நவமணியிடமே கொடுத்தார். "இப்ப இடது கண்ணால பாருங்க மேடம்."

கேமராவின் ஜன்னல் இடது மூலையில் இருக்கிறது. இடது கண்ணை வைத்தால் மூக்கு கேமராவின் முதுகில் அமுங்கும், முகம் முழுக்க மறைந்துவிடும். நவமணி அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை. பார்த்தார். வளையத்தைத் திருப்பினார். கோடுகள் இரண்டும் சத்தமில்லாமல் வந்து ஒன்றாக அமர்ந்தன. நிழல் இல்லை.

சீனர் காசு வாங்கவில்லை. "கண் டாக்டரப் பாருங்க," என்று மட்டும் சொன்னார். ரயிலில் திரும்பும்போது நவமணி வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கண்புரை என்று அரசாங்க மருத்துவமனையில் சொன்னார்கள். வலது கண்ணில் முற்றியிருந்தது, இடது கண்ணில் ஆரம்பம்தான், இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. சின்ன அறுவைச் சிகிச்சைதான், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: கூட ஓர் ஆள் வர வேண்டும், வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

துளசியை அழைத்தார். துளசியின் மகளுக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

"அடுத்த மாசம் தள்ளி வெக்கச் சொல்லுங்களேன் அக்கா. நான் இப்ப எப்படி வருவேன், சொல்லுங்க?"

"பரவால்ல. இங்க ஆள் இருக்கு," என்றார் நவமணி.

ஆள் யாரும் இல்லை. ஆலையில் கேட்டிருக்கலாம். மேலாளர் யாரையாவது அனுப்பிவைத்திருப்பார். பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் கேட்டிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு வாங்கிப் பழகியவர் ஒருவரிடம் போய், "ஒருநாள் என்கூட இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும்.

தனியாகவே போனார். வாடகைக் காடியில் இறங்கி, பதிவு செய்து, பச்சை அங்கி போட்டுத் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நித்தியா என்ற இளம் தாதி வந்து வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டாள்.

"ஆன்ட்டி கூட யாரு வந்திருக்கா?"

"தங்கச்சி. காடி நிப்பாட்டப் போயிருக்கா."

நித்தியா அடுத்தவரிடம் போனாள். திரும்பி வந்து மறுபடி சொட்டு விட்டாள். "இன்னும் பார்க்கிங் கெடைக்கலையா ஆன்ட்டி?" பிறகு வாசலுக்குப் போய் நவமணியின் பெயரைச் சொல்லி, அவரோடு வந்தவர் யார் என்று சத்தமாகக் கூப்பிட்டாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள் வந்து பக்கத்தில் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆன்ட்டி, நெசமா யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லம்மா," என்றார் நவமணி.

அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள். நித்தியா கோபப்படவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. வேறு தேதி எழுதிக்கொடுத்து, மருந்து இறங்கும்வரை உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னாள். நவமணி வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். சொட்டு மருந்தில் விரிந்துபோன கண், முழுக்கத் திறந்து வைத்த லென்ஸ் மாதிரி, வெளிச்சத்தைக் கட்டுப்பாடில்லாமல் உள்ளே விட்டது. ரோடு, மரம், பஸ், ஆட்கள் எல்லாம் வெள்ளையாக எரிந்தன. கண்ணில் நீர் வழிந்தது. மருந்தினால் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை சமைக்கப் பிடிக்காமல் மழைமரத்தடிக்குப் போனார். அப்பப் பொட்டலத்தை வாங்க நீட்டிய கையை முரியல் அப்படியே பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை இருந்தது. கழற்ற மறந்திருந்தார்.

"என்ன இது?"

நவமணி சுருக்கமாகச் சொன்னார். வரிசையில் நின்ற இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முரியல் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"அடுத்த தேதி என்னைக்கு?"

"வர்ற செவ்வாய்."

"செவ்வா கடை லீவு போட்டுக்கலாம்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"அப்ப இன்னொரு தடவ தனியாப் போயிட்டு திரும்பி வாங்க," என்றார் முரியல். "பேசாம வீட்டு விலாசம் சொல்லுங்க. எம்மகன் கிறிஸ்டியன் ரெண்டு பேரையும் கொண்டுபோய் விடுவான்."

செவ்வாய்க்கிழமை முரியல் நல்ல சேலை கட்டி, ஃபிளாஸ்க்கில் கோப்பி எடுத்துக்கொண்டு வந்தார். நித்தியா நவமணியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். பிறகு முரியலிடம் கேட்டாள், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பம் விக்கிறவ."

"அது இல்ல ஆன்ட்டி. உறவு என்னான்னு எழுதணும்."

முரியல் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "கூட்டாளின்னு எழுதுங்க."

அறுவை மேசையில் முகத்தைத் துணி மூடியிருக்க, மேலே ஒரு வெளிச்சம் கரைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நேரமெல்லாம் நவமணி அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்குப் பிறகு அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது தன் வீட்டுச் சமையலறையின் சுவரை. அது வெள்ளைச் சுவர். இத்தனை நாள் மஞ்சள் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கண் சிவப்பு அடங்கியதும் கணினியைத் திறந்து படங்களைப் பார்த்தார். இரண்டு வருடத்துப் படங்களிலும் எல்லோர் முகத்திலும் நீலம் பூத்திருந்தது. தன் கண்ணின் மஞ்சளுக்கு ஈடாக, நிறத்தைச் சரி செய்கிறேன் என்று அவரே ஒவ்வொன்றிலும் நீலத்தைக் கூட்டி வைத்திருந்தார். மீனவர்கள், லோரி ஓட்டுநர்கள், முரியல், எல்லோரும் குளிரில் நிற்பவர்கள் போலிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து, துளசியின் பெயரைப் பார்த்து, பரீட்சை நேரம் என்று வைத்துவிட்டார்.

கேமராவில் கண்ணை வைத்ததும் இரண்டு உருவமும் ஒன்றாயின. சுத்தமாக. நவமணி அன்று வீட்டில் இருந்த சாமான்களையெல்லாம் எடுத்தார். வெங்காயத்தோல், சீப்பு, துவைத்துப் போட்ட துணியின் நூல் என்று எதையும் விடவில்லை.

மழைமரத்தடிக்குப் போனபோது அவர் மனதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இனி கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம், ஒருவேளை முரியல் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார் என்று. முரியல் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணு எப்படி? நல்லதா? கர்த்தர் காப்பாத்தினாரு. நாலா அஞ்சா?" பின்னால் ஆட்கள் நின்றார்கள். நவமணி நான்கு வாங்கிக்கொண்டு நடந்தார். அடுத்த வாரமும் அப்படியேதான். யாருக்கு ஆபத்து என்றாலும் முரியல் அப்படித்தான் கடையை மூடிவிட்டுப் போவார் என்பது மெல்லப் புரிந்தது. அது ஒருநாள் உதவி. நவமணிக்கு அது பெரிய நாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசம்பரில் முரியல் சொன்னார், "கிறிஸ்மஸுக்கு மத்தியானம் வீட்டுக்கு வாங்க. கேமராவும் எடுத்துக்கிட்டு வாங்க."

என்னைக் கூப்பிட்டாரா, கேமராவைக் கூப்பிட்டாரா என்று நவமணி இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனார்.

வீடு நிறைய ஆட்கள். கிறிஸ்டியன், அவன் மனைவி ஜோலீன், பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த சொந்தங்கள், காலுக்கடியில் ஓடும் பிள்ளைகள். ஜோலீன் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ட்ரீ பக்கத்துல எங்க ஃபேமிலிய மட்டும் ஒண்ணு எடுங்க. அப்பறம் கசின்ஸ் எல்லாம் சேந்து. வாட்சப்ல அனுப்புவீங்கதானே?" நவமணி எடுத்தார். இவர்களோடு அவர்கள், அவர்களோடு இவர்கள் என்று நின்றார்கள். ஒவ்வொரு முறையும் படச் சட்டத்துக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் ஒருமுறையாவது உள்ளே வந்து நின்றார்கள். முரியல் மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கழுவாத அண்டாக்களுக்கு நடுவே முரியல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பில் மசாலாக் கறை. பின்கதவு வழியாக வந்த வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்திருந்தது. வந்தவரைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார்.

"உக்காருங்க. சும்மாதான் வந்தேன்."

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

"எங்க?" முரியல் கையை விரித்தார். "காலையிலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க. சோறு எங்க, கறி எங்க, தட்டு எங்க. வீடு நெறய ஆளு. என்னைய ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல, நவமணி."

முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னார். நவமணி இரண்டு தட்டில் சோறு போட்டு, அடியில் மிஞ்சியிருந்த கோழிக்கறியை ஊற்றிக்கொண்டு வந்தார். உட்கார வேறு இடமில்லை. ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். உள்ளே பாட்டும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. முரியல் இறந்துபோன தன் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார், அப்பக்கடையை மூடச் சொல்லி மகன் தொந்தரவு செய்வதைப் பற்றிச் சொன்னார். நவமணி நீலமான முகங்களைப் பற்றிச் சொன்னார். முரியல் வாயில் சோற்றோடு சிரித்து, புரைக்கேறி, தண்ணீர் குடித்தார். அந்தக் கண்கள் நீரோடு நிமிர்ந்தபோது நவமணி கேமராவைத் தூக்கினார். முரியல் இம்முறை நேராகவே பார்த்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகான் நக்கோடா ஓமாருக்கு வருகிறேன் என்று முரியல் சொல்லியிருந்தார். அன்று காலை செய்தி வந்தது: பேரனுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் பார்க்கலாம். நவமணி 'சரி' என்று எழுதினார். இருவருக்குமாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துப் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மறுபாதியோடு காஞ்சிலைக் கிளப்பினார்.

கடல் வற்றியிருந்தது. ஒரு கிழவர் சேற்றில் இறங்கிப் படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர் தோளைக் குலுக்கினார். நவமணி நெடுநேரம் அங்கே நின்றார். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. கிழவரின் புருவத்தில் காய்ந்திருந்த சேற்றில் குறி வைத்து, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.